வெள்ளியங்கிரி: சாமி மலைதான், ஆனாலும் அது மலை

பிப்ரவரி பிறந்துவிட்டால் கோவை காந்திபுரத்தில் இருந்து பூண்டிக்குப் போகும் பேருந்துகளில் சாயங்காலத்துக்கு மேல் நிற்க இடம் இருக்காது. வெள்ளியங்கிரி சீசன். மே மாதக் கடைசி வரை மலையேற வனத்துறை அனுமதிக்கும். மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி, சனி ஞாயிறு என்றால் அடிவாரமே தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிடும். கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக பஸ் ஏறியவர்கள், திருப்பூர், ஈரோட்டில் இருந்து பைக்கில் வந்தவர்கள், சென்னையில் இருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என எல்லோரும் ஆளுக்கொரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏறத் தொடங்குவார்கள்.

சீசனுக்குச் சிலர் வீடு திரும்புவதில்லை. 2024 மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து 3 பேர் மலைப்பாதையிலேயே உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு சீசன் முழுக்க இதே செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம். உடனே ஒரு பக்கம் மலையை மூடச் சொல்வார்கள். இன்னொரு பக்கம், "சாமி மலைதானுங்களே, அவரு பாத்துக்குவாருங்க" என்பார்கள். இரண்டு பேச்சிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. வெள்ளியங்கிரி ஏறுவது தமிழ்நாட்டின் கடினமான மலையேற்றங்களில் ஒன்று. அதற்கென்று கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக் கொடுக்க அடிவாரத்தில் ஆள் இல்லை.

ஆக்சிஜன் குறைவா?

ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் "மேலே ஆக்சிஜன் கம்மி" என்று ஒரு விளக்கம் சொல்லப்படும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏழாவது மலையின் உச்சியே கிட்டத்தட்ட 6,000 அடிதான். ஊட்டி அதைவிட உயரம். அங்கே யாரும் மூச்சுக்குத் திண்டாடுவதில்லை. உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும்.

வெள்ளியங்கிரியில் ஆளைச் சாய்ப்பது செங்குத்து. அடிவாரத்தில் இருந்து உச்சிக்கு ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கணக்குப் போட்டால், லிப்ட் இல்லாமல் 330 மாடிக்கு மேல். அதுவும் ஒரே ராத்திரியில், தூங்காமல், சில பேர் வயிற்றில் விரதத்தோடு. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் 45 வயதுக்காரரின் இதயத்துக்கு இது என்ன செய்யும் என்பதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. அதோடு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பதே தெரியாமல் நம் ஊரில் நடமாடுகிறவர்கள் ஏராளம்.

ஆக்சிஜன் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனுஷன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்றாகிவிடும். உழைப்புதான் காரணம் என்று ஒத்துக்கொண்டால், செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதல் வேலை, ஆறு வாரத்துக்கு முன்பே காலைப் பழக்குவது. கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்துக்குச் சென்னிமலையில் 1,320 படி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அதில் ஏறி இறங்கினாலே உடம்பு தன் நிலைமையைச் சொல்லிவிடும். சென்னிமலையில் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர் வெள்ளியங்கிரிக்கு அல்ல, முதலில் இ.சி.ஜி. எடுக்கப் போக வேண்டும். சபரிமலைக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்து, வெறுங்காலோடு நடந்து, விடியற்காலையில் எழுந்து குளித்த பழைய தலைமுறைக்கு இந்தப் பயிற்சி விரதத்துக்குள்ளேயே இருந்தது. வியாழக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்து வெள்ளிக்கிழமை ராத்திரி மலையில் நிற்பவர்களுக்கு அது இல்லை.

ஐந்தாயிரம் ரூபாய்ச் சண்டை

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள். அந்தப் பட்டியலில் வெள்ளியங்கிரியும் இருந்தது, கடினமான பாதைகளின் வரிசையில். கட்டணம் ஐயாயிரத்துக்கு மேல் என்று தெரிந்ததும் சர்ச்சை கிளம்பியது. சாமி கும்பிடக் காசா என்று கேட்டார்கள். சீசனில் பக்தர்களுக்குக் கட்டணம் கிடையாது என்று விளக்கம் வந்த பிறகு பேச்சு அடங்கிப்போனது.

கட்டணம் வாங்காதது சரி. ஆனால் அந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதே மலைக்குக் காசு கட்டி வருகிறவரோடு பயிற்சி பெற்ற வழிகாட்டி போகிறார். மேலே போனவர் யார், எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கிறது. காசு கட்டாமல் வருகிற பக்தருக்கு இவற்றில் எது கிடைக்கிறது? மலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்த விதிகளெல்லாம் சும்மா வந்தவை அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் மாட்டிக்கொண்டன. ஒன்று சென்னையில் இருந்து வந்தது, மற்றது ஈரோடு, திருப்பூர் பக்கம். மொத்தம் 23 உயிர். அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டு வந்தது. வெள்ளியங்கிரி சீசனும் அதே வறட்சி மாதங்களில்தான் நடக்கிறது. மேல் மலைகளில் அதே மாதிரிப் புல்தான். ஒரு பீடித் துண்டோ அணைக்காத கற்பூரமோ போதும். தீ மேடேறும்போதுதான் வேகம் எடுக்கும். அதனால் தீயைப் பார்த்ததும் மேல்பக்கமாக ஓடக்கூடாது. வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம், இந்த இரண்டும்தான் புகலிடம்.

தடி, பனியன், டார்ச்

மலையேற்றம் என்றதும் விலை உயர்ந்த ஷூ, வெளிநாட்டுப் பை என்று மிரள வேண்டியதில்லை. வெள்ளியங்கிரிக்குத் தேவையானதில் பெரும்பாலானவை கொங்கு வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். எதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் கோளாறு.

மூங்கில் தடியையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, அதைத் தோளில் சாய்த்தபடி படம் எடுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. தடியைத் தரையில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், அதுதான் ஏற்றத்துக்கு அளவு. இறக்கத்துக்கு அதைவிடக் கொஞ்சம் நீளமாக வேண்டும் என்பதால் நீளமான தடியை வாங்கி, ஏறும்போது கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வழுக்குப்பாறையில் இறங்கும்போது தடி முதலில் போக வேண்டும், கால் அதன் பின்னால் போக வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது மூட்டு வாங்கும்.

ஒரு கையில் தடி இருக்கும்போது இன்னொரு கையில் செல்போனைப் பிடித்து வெளிச்சம் அடிப்பது ஆபத்து. விழுந்தால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது. உதவிக்குக் கூப்பிட வேண்டிய போனில் நடுராத்திரிக்குள் சார்ஜும் இருக்காது. நெற்றியில் மாட்டும் டார்ச் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்குவதற்கு ஒரே ஒரு பொருள்தான் கட்டுப்படியாகும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது துணி. திருப்பூர் பனியன் நம் ஊரின் பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நாலு மலை ஏறி நனைந்த பனியனோடு மேல் மலையின் காற்றில் போய் நின்றால் பல் கிடுகிடுக்கும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு நிற்பவர்களின் கதி இன்னும் மோசம். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட் சீக்கிரம் காயும், அதையும் திருப்பூரிலேயே தைக்கிறார்கள். ஏறும்போது அது, பையில் காய்ந்த மாற்றுத் துணி ஒன்று, ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா. குல்லா போட்டால் ஃபோட்டோ நல்லா வராது என்பது உண்மைதான்.

வெறுங்காலோடு ஏறுவது வேண்டுதல் என்றால் அது அவரவர் நம்பிக்கை. ஷூ போடுகிறவர்கள் மட்டும் இதற்கென்று புதிதாக வாங்கி அன்றைக்கே போடக்கூடாது. இரண்டாவது மலையிலேயே கொப்புளம் வந்துவிடும். முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இறங்கும்போது பெருவிரல் நகம் ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். பை இரண்டு தோளிலும் மாட்டுவதாக இருக்க வேண்டும், கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும்.

தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது, ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். பாதையில் சுனைகள் உண்டு என்றாலும் கோடை ஏற ஏற அவற்றை நம்பிப் போகக்கூடாது. எவர்சில்வர் பாட்டிலாக இருந்தால் அடிவாரத்துப் பிளாஸ்டிக் சோதனையிலும் தொந்தரவு இல்லை. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூனைத் தட்டையாக வழித்து அளந்து கலந்தால் ஓ.ஆர்.எஸ். தயார். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும். சர்க்கரை நோய்க்காரர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இளவட்டங்கள் முதல் மலையை ஓடி ஏறுவதும், வெள்ளை விநாயகர் கோயிலிலேயே மூச்சிரைக்கப் படுத்துக் கிடப்பதும் சகஜமான காட்சி. குழுவின் வேகம் அதிலேயே மெதுவானவரின் வேகமாக இருக்க வேண்டும். அவரைப் பின்னால் விட்டுவிட்டு 'மேல பாத்துக்கலாம்' என்று போவதில்தான் பல சோகங்கள் தொடங்குகின்றன.

கேஸ் டிரபிள் என்று ஒரு பொய்

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்காற்றிலும் கொட்டும் வியர்வை, குமட்டல். இதற்கு நம் ஊரில் உடனே கிடைக்கும் பெயர் 'கேஸ் டிரபிள்', மருந்து சோடா. "இத்தன தூரம் வந்துட்டோம், இன்னும் ரெண்டு மலைதானுங்க" என்று உற்சாகப்படுத்துகிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. உட்கார வைத்து, மேற்கொண்டு ஓர் அடிகூட ஏற விடாமல், கீழே தகவல் சொல்ல வேண்டும். ஆள் நினைவிழந்து, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். குழுவில் ஒருவருக்காவது இந்த சி.பி.ஆர். தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே இருந்து ஆளை டோலியில்தான் சுமந்து இறக்க வேண்டும். இருட்டில், எதிரே ஏறிவரும் கூட்டத்தில், அதற்கு மணிக்கணக்காகும். மாரடைப்பு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொள்கிறது. அறிவிப்புப் பலகை மட்டும் யாரையும் தடுத்ததில்லை. சபரிமலையில் பம்பையில் இருந்து சன்னிதானம் போகும் ஏற்றத்தில் இடையிடையே அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் நிலையங்களும் சீசன் முழுக்க இயங்குகின்றன. கேரள சுகாதாரத் துறை பல ஆண்டுகளாகச் செய்யும் காரியம் அது. வெள்ளியங்கிரியிலும் வார இறுதி நாட்களிலாவது மூன்றாவது, ஐந்தாவது மலையில் பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒரு டிஃபிப்ரிலேட்டர், ஒரு வயர்லெஸ் செட் வைக்க முடியாதா? பிளாஸ்டிக்குக்காகப் பையைத் திறந்து பார்க்கிற இடத்திலேயே, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. கூட்ட நெரிசலில் நடக்காது என்பார்கள். ஒவ்வொரு பையாகச் சோதிப்பதும் நடக்காது என்றுதான் ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்பாக அறநிலையத் துறையும் பெரியவர்களும் வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பாதியில் திரும்பினால் வேண்டுதல் நிறைவேறாது என்ற பயம் பலரை மேலே தள்ளுகிறது. அடிவாரத்திலேயே ஆண்டவர் கோயில் இருக்கிறது. ஏற முடியாதவர்கள் அங்கேயே கும்பிட்டுவிட்டுப் போவது காலம் காலமாக நடப்பதுதான். இதை ஒலிபெருக்கியில் மணிக்கொரு தரம் சொன்னால் ஒரு பலகை செய்யாததை அது செய்யும்.

கடைசியாக, செய்தியில் மலை மரணமாகக் கணக்கில் வராத ஆபத்து ஒன்று. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஏறி இறங்கியவர்கள், மத்தியான வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் கிளம்புகிறார்கள். கால் நடுங்கும், கண் சொக்கும். அடிவாரத்து மர நிழலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வண்டியை எடுக்கலாம், அல்லது பைக்கில் வராமல் பஸ்ஸிலேயே வந்து பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டு போகலாம்.