உயரும் கட்டடமும் உழைப்பாளியின் உயிரும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே 27 மாடி அலுவலகக் கட்டடம் எழுப்ப மெட்ரோ ரயில் நிறுவனம் திட்டம் தீட்டியது. அதன் தோற்றம் எப்படியிருக்கும் என்று பலரும் பேசுகின்றனர். நாம் கேட்பது வேறு: அதைக் கட்டுபவனுக்குப் பாதுகாப்பு உண்டா?

1959ல் மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது நாடே அண்ணாந்து பார்த்தது. 1975ல் அதிலேயே தீப்பிடித்தது. 2014 ஜூன் 28ல் மவுலிவாக்கத்தில், கட்டி முடியாத 11 மாடிக் குடியிருப்பு இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள்.

மழை பொய்த்தால் நம் அகரத்து விவசாயத் தொழிலாளியும், ஆலை மூடினால் திண்டுக்கல் மில் தொழிலாளியும் வெளியூர்க் கட்டட வேலைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆகவே இது பட்டணத்துச் சங்கதி மட்டுமல்ல.

பொதுப் பணத்தில் எழும் கட்டடம் மற்றவற்றுக்கு வழிகாட்ட வேண்டும். முகப்புக் கண்ணாடியின் அழகைப் பேசுமுன், மண் பரிசோதனை, உறுதியான சாரம், தீ விபத்தில் தப்பும் படிக்கட்டு, தொழிலாளர் தங்குமிடம் ஆகியவை திட்டத்தில் இடம்பெறட்டும்!

கட்டட வேலைக்குச் செல்லும் தோழர்களே! நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள், சங்கத்தில் சேருங்கள். கேளாமல் எதுவும் கிடைத்ததில்லை.