அளவுகோல் ஒன்றா, இரண்டா?

கடலோரத்துச் சிற்றூரில் வாழக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று உல்லாசப் பிரயாணிகள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அக்கொடுப்பனவு யாருக்கு உரியது என்பதே மட்டக்களப்பின் எழுவான்கரையில் இன்று எழுந்துள்ள வினா.

அமிர்தகழியின் வாவிக்கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். வாவிக்கு அப்பால் நாவலடி மணற்றிட்டு. அதற்கும் அப்பால் வங்கக்கடல். வடக்கே முகத்துவாரம். தரைவழியாக வெளியேறத் தெற்கே கல்லடிப் பக்கம் ஒன்றே வழி. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை எழுந்தபோது அந்த ஒடுங்கிய நிலத்து மக்கள் பட்ட பாட்டை எழுத ஏடு போதாது. எஞ்சியோரிற் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர்.

அழுத கண்ணீர் காயுமுன்னரே அரசாங்கம் அளவுநாடாவை விரித்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டலாகாது என 2005இல் அறிவித்தது. நாம் கேட்கிறோம்: காலியிலும் அம்பாந்தோட்டையிலும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த அலை, அங்கே 100 மீற்றரோடு நின்றுவிட்டதா? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கரையோர வலயம் நிலப்புறமாக 300 மீற்றர் என நாடு முழுவதற்கும் ஒரே அளவையே வகுத்தது. தமிழ் பேசும் மக்களின் கரைக்கு ஒரு முழம், ஏனையோர் கரைக்கு அரை முழம் என்று அச்சட்டத்தின் எந்தப் பிரிவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. முடிந்த கதையைக் கிளறுவானேன் என்பார் உளர். கதை முடியவில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாக் கரை துண்டு துண்டாக வகுக்கப்பட்டு உல்லாச விடுதிகளுக்கு வழங்கப்பட்டது. அலையோசை கேட்கும் தூரத்திலேயே அவை எழுந்தன. ஆங்கே தோணி கட்டிவந்த தொழிலாளரின் துறையோ சுருங்கியது. மீனவனின் குடிசைக்கு ஆபத்தான மணல், விடுதியின் படுக்கையறைக்கு மட்டும் ஆபத்தற்றதாகியது எவ்வாறு?

கடலின் ஆபத்தை நாம் மறுக்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளியையும் கண்ட மக்கள் நாம். ஆனால் தூரம் ஒன்றே காவலன்று. நிலத்தின் உயரமும், மணல்மேடும், கண்டற்காடும், எச்சரிக்கையும், தப்பியோடத் தெருவுமே காவல். தெருவைத் தராமல் மக்களை மட்டும் அப்புறப்படுத்துவது பாதுகாப்பாகாது, வெளியேற்றமே ஆகும்.

கரையோரத்தான் இவ்வளவு எளிதில் அசைக்கப்படுவது ஏன்? கையில் உறுதி இல்லாமையே காரணம். பயிரிடப்படாத, குடியிருப்பற்ற காணியெல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியதே என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. பத்தாண்டு ஆட்சியினால் உரிமை தேடித்தரும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமோ அரசுக்கு எதிராகச் செல்லாது. ஆகவே மூன்று தலைமுறை வாடி போட்டுக் கரைவலை இழுத்தவனும், சட்டத்தின் கண்ணில் நேற்று வந்தவனாகவே நிற்கிறான்.

படுவான்கரைக் கமக்காரர்களே, இது கடற்றொழிலாளர் வழக்கு என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களிற் பலர் உழும் நிலமும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற உத்தரவுப்பத்திரக் காணியே. அரசின் ஒரே பேனாதான் இரு கரையையும் எழுதுகிறது. மாரி வெள்ளம் வயலை மூடும்போது முகத்துவாரத்து மணலை வெட்டினாலன்றோ உங்கள் வேளாண்மை பிழைக்கிறது! அந்த முகத்துவாரத்தில் வாழ்பவனின் குரலும், வயலில் நிற்பவனின் குரலும் ஒன்றாக ஒலித்தால் எந்தக் கச்சேரியும் செவிசாய்த்தே தீரவேண்டும்.

எமது கோரிக்கைகள் ஐந்து. வீட்டுக்கும் விடுதிக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நெடுங்காலம் குடியிருப்போருக்கு உறுதி வழங்குதல் வேண்டும். திராய்மடு சென்றவர்க்கும் பழைய துறையில் வலையும் வள்ளமும் வைக்கும் உரிமை எழுத்திலே இருத்தல் வேண்டும். நாவலடியிலிருந்து தப்பிச்செல்லத் தக்க பாதையும் உயர்ந்த தங்கிடமும் அமைத்தல் வேண்டும். முகத்துவாரம் வெட்டும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் சரியாசனத்தில் அமர்தல் வேண்டும்.

இவற்றிலே சலுகை எதுவும் இல்லை. சட்டம் அறிந்தோர் மனுக்களை எழுதுங்கள்; மண்ணை அறிந்தோர் கையொப்பமிடுங்கள். கடல் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அரசாங்கமும் அவ்வாறே அளக்கட்டும்.