இலையைத் திருடுவோரும் இலையை விற்போரும்

சென்ற ஆண்டு எமது பாடசாலையில் நடந்த தமிழ்த்தின விழாவிற் சிறப்புரை ஆற்ற வந்த பெரியவர் ஒருவர், அரைமணி நேரம் பரராசசேகரத்தின் பெருமையைப் பேசினார். நீரிழிவை அடியோடு அகற்றும் வழியை நம் முன்னோர் ஓலையில் எழுதிவைத்தனர் என்றார். மேனாட்டான் அதனைத் திருடிக் குளிசையாக்கி நமக்கே விற்கிறான் என்றார். பயிருக்கு வரும் நோயையும் வேம்பு ஒன்றே தீர்க்கும், இரசாயனம் எதற்கு என்று கேட்டார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன், அதை மறைப்பதற்கில்லை. விழா முடிந்து வெளியே வந்தபோது வாயிலருகே அவருடைய வாகனத்தின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே தகரப் பேணிகள் அடுக்கப்பட்டிருந்தன. சலரோகச் சூரணம், பேணி ஒன்று 1,500 ரூபா.

அவர் கூறியது முழுப்பொய் என்றால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அதிற் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலிற் சொல்லிவிடுவோம்.

வேப்பெண்ணெயிலிருந்து பெறும் சாற்றினாற் பயிர்களைத் தாக்கும் பங்கசுகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிறேஸ் என்னும் கம்பனியும் 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. தலைமுறை தலைமுறையாக வேம்பை வயலிலும் வீட்டிலும் பயன்படுத்திய மக்களுக்கு இச்செய்தி வேடிக்கையாகவே இருந்திருக்கும். வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றப் பசுமைக் கட்சியினரான மக்டா ஆல்வூட், சேதன விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் ஆகியோர் வழக்காடினர். 2000இல் அந்த ஆக்கவுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடு 2005இற்றான் தள்ளுபடியாயிற்று. ஊரறிந்த ஒன்றை ஊரறிந்தது என்று நிறுவப் பத்தாண்டுகள் சென்றன. நீரிழிவின் கதையும் வேறன்று. பாகல், நாவல், சிறுகுறிஞ்சா, கத்தரி ஆகியவற்றைக் கொண்டு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கலவைகளுக்கு 1999இல் நியூஜேர்சியைச் சேர்ந்த குறோமாக் என்னும் நிறுவனம் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. நமது பாட்டிமார் கறிச்சட்டியில் இட்டவற்றுக்கு அங்கே ஒரு சொந்தக்காரன் தோன்றிவிட்டான்.

இது எவ்வாறு இயன்றது? அக்காலத்து அமெரிக்கச் சட்டம் தன் நாட்டுக்குள்ளே ஒன்று அறியப்பட்டிருந்தால் அதனை அறிவெனக் கொண்டது. பிறநாட்டு மக்கள் அறிந்திருந்ததும் கையாண்டதும் அச்சேறிய ஆவணத்தில் இருந்தாலன்றி அறிவாகக் கொள்ளப்படவில்லை. 2013 வரை இதுவே சட்டம். எழுதப்படாத அறிவு யாருடையது? உழவனுடையது, மருத்துவிச்சியுடையது, காட்டோரத்துக் குடியானவனுடையது. அவர்களுடைய அறிவைச் சட்டம் இல்லையென்று வைத்தது. பின்னர் அதனையே புதுமையென்று கம்பனிக்கு எழுதிக்கொடுத்தது.

நம் நாட்டிலேயே கண்முன் ஒரு சான்று உண்டு. கொத்தல ஹிம்புட்டு என்று சிங்கள மக்கள் வழங்கும் காட்டுக்கொடியின் தண்டைக் குடைந்து குவளை செய்வர். இரவில் நீரூற்றிவைத்துக் காலையிற் குடிப்பர். நீரிழிவுக்கு நல்லது என்பர். 1997இல் யப்பானிய விஞ்ஞானியர் அக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நாம் உண்ணும் மாப்பொருள் குடலிற் சர்க்கரையாக உடைவதற்கு உதவும் நொதியத்தை அது தடுக்கிறது. ஆகவே உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவது தணிகிறது. குவளையின் மர்மம் இதுதான். அதைக் கண்டறிந்ததில் குற்றம் ஏதுமில்லை, அது விஞ்ஞானத்தின் வெற்றி. கண்டறிந்ததைத் தொடர்ந்து ஆக்கவுரிமைகள் வந்தன. காட்டிலே கொடிகள் வேரோடு வெட்டப்பட்டன. குவளை குடைந்த கிராமத்தவனின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

இவ்வளவும் உண்மை. ஆயின் இவ்வுண்மையை வாயில் வைத்துக்கொண்டு பேணி விற்பவன் யார்?

எமது பாடசாலையிற் பதினோராம் ஆண்டிற் கற்கும் மாணவி ஒருத்தியின் தாய் அன்று அவ்வாயிலிலே மூன்று பேணி வாங்கினார். ஒரு நாள் அப்பிள்ளை ஆசிரியர் அறைக்கு வெளியே நின்று, "சேர், அம்மா குளிசையை விட்டு அஞ்சு கிழமையாச்சு. தூள் மட்டுந்தான் குடிக்கிறா. காற்புண் ஆறேல்லை" என்றாள். ஒரு வாரங் கழித்து வைத்தியசாலையில் அவ்வம்மாவின் இரண்டு கால்விரல்கள் அகற்றப்பட்டன. மேடையில் இருந்தவருக்கு நான் தட்டிய கையொலியும் அவருடைய காதில் விழுந்திருக்கும்.

அவர் கைவிட்ட குளிசை மெற்போமின். அதன் வரலாற்றை அந்தப் பெரியவர் அறிந்திருந்தாரோ என்னவோ. ஐரோப்பியக் குடியானவர்கள் நெடுங்காலம் மருந்தாகக் கையாண்ட கலேகா என்னும் ஊதாப்பூச் செடியிலே குவானிடீன் வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு, நஞ்சும் உண்டு, அச்செடியை மேய்ந்த ஆடுகள் இறந்ததுண்டு. அந்த வழியில் ஆராய்ந்து சென்றவர்கள் நஞ்சு குறைந்த உறவுப்பொருளைத் தேடினர். 1922இல் ஆய்வுகூடத்தில் மெற்போமின் ஆக்கப்பட்டது. 1957இற் பிரான்சு நாட்டு வைத்தியர் ஜான் ஸ்ரேண் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பெற்ற பயனை வெளியிட்டார். ஆக, அவ்வம்மா இலையை விட்டு இரசாயனத்துக்குச் சென்றவரல்லர். ஓர் இலையைப் பற்றிய அறிவு பல்லாண்டுச் சோதனையாற் புடமிடப்பட்டு அவர் கையிற் குளிசையாக இருந்தது. அதனைக் கீழே வைத்துவிட்டுச் சோதிக்கப்படாத தூளை எடுத்தார்.

அத்தூளில் என்ன இருந்தது? எத்தனை கிராம் பாகல், எந்த மாதத்து இலை, வேரா விதையா? பேணியில் ஒரு வரியும் இல்லை. வேறு நாடுகளில் இத்தகைய மூலிகைச் சூரணங்களைச் சோதித்தபோது, சிலவற்றினுள் கிளிபென்கிளமைட் என்னும் மேனாட்டு மருந்தே களவாகக் கலக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவற்றை உண்டு சர்க்கரை மிகத் தாழ்ந்து இறந்தவரும் உளர். முன்னோர் பெருமைக்குள் மேனாட்டான் குளிசையைப் பொடித்து ஒளித்துவைக்கும் இவ்வணிகத்தை எப்பெயரால் அழைப்பது?

வயலிலும் இதே நாடகம் நடந்தது. அங்கே நடித்தது அரசாங்கம். 2021 ஏப்ரிலில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் தடை அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் வர்த்தமானி வந்தது. நஞ்சற்ற உணவு, மூதாதையர் வேளாண்மை என்று மேடைகள் முழங்கின. நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. அதே ஆண்டிற் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியிலே பயிர்நோய் உண்டாக்கும் பற்றீரியா காணப்பட்டதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அறிவித்தனர். பசளை இறங்கவில்லை. ஆயினும் 67 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. இயற்கை என்று எழுதியிருந்தாற் போதும், கண்ணை மூடிக்கொள்ளலாம் என்போர் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் முறை கற்பனையன்று. மண்ணில் வாழும் திரைக்கொடேமா என்னும் பச்சைப் பங்கசு, பயிர் வேரை அழுகச்செய்யும் றைசொக்ரோனியாவின் இழைகளைச் சுற்றிப் பின்னி அழிப்பதை 1932இல் வைன்ட்லிங் என்பவர் எடுத்துக்காட்டினார். இன்று பல நாடுகளில் அது நாற்றுமேடைக்கும் விதைக்கும் பயன்படுகிறது. எனினும் அது மந்திரமன்று, உயிருள்ள ஒன்று. அதற்கு ஈரம் வேண்டும், மக்கிய சேதனப் பொருள் வேண்டும், நோய் பரவுமுன் மண்ணிற் குடியேறக் காலம் வேண்டும். தகரக்கூரைக் கடையிற் சித்திரை வெயிலில் வெந்துகிடந்த பைக்குள் அது செத்துக்கிடக்கும். வெங்காயச் செய்கைக்காரர் காசு கொடுத்து வெறுந் தூளை வாங்கி மண்ணில் இடுவார். அடித்தண்டு அழுகும். பின்னர் இரட்டிப்பு அளவிற் பங்கசுநாசினி தெளிப்பார். இதனாற் கெட்டது வெங்காயம் மாத்திரமா? இனி ஒருவர் வந்து உயிரியல் முறை என்று சொன்னால் அவர் வாசலிலேயே நாயை அவிழ்த்துவிடுவார். தடை போட்டவர்கள் இந்த அறிவுக்குச் செய்த தீங்கை, பீடைநாசினிக் கம்பனிகள் நூறு விளம்பரங்களாலும் செய்திருக்க முடியாது.

நண்பர்கள் சிலர் என்னைக் கோபிக்கின்றனர். நாட்டு மருந்தைக் குறைகூறுவது பல்தேசியக் கம்பனிகளுக்குத் துணைபோவது என்கின்றனர். இன்சுலினைக் கண்ட பான்ரிங்கின் குழுவினர் தம் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். இன்று உலகின் இன்சுலின் வணிகத்திற் பெரும்பகுதியை மூன்று கம்பனிகள் கையில் வைத்திருக்கின்றன. இதனை நானும் மறக்கவில்லை. ஆனால் பெரிய கொள்ளைக்காரனை எதிர்ப்பதற்காகச் சிறிய கொள்ளைக்காரனை மடியில் வைத்துக் கொஞ்சுவது எந்த முற்போக்கு? கிறேஸ் கம்பனி மக்களின் அறிவுக்கு வேலியிட்டு வாடகை கேட்டது. பேணிக்காரர் அதே அறிவுக்குப் பொட்டிட்டுப் பூமாலை சூட்டி விலை கேட்கிறார். மக்கள் வந்து சோதித்துப் பார்ப்பதை இருவருமே விரும்பார். நம்மவர் ஏடுகளிலும் முன்னோர் துதி கொஞ்சமாகவா வந்திருக்கிறது? அத்துதியை எழுதிய பேனாக்களுள் என்னுடையதும் ஒன்று.

சோதிக்க இயலாதா? கொத்தல ஹிம்புட்டுத் தேயிலையை நமது நாட்டு வைத்தியர்களே 51 நீரிழிவு நோயாளரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டனர். மருந்தும் போலித் தேயிலையும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. எது எவரிடம் என்பதை நோயாளரும் அறியார், வைத்தியரும் அறியார். மருந்துத் தேயிலை குடித்த காலத்திற் சர்க்கரையின் நீண்டகால அளவு சிறிதளவு தாழ்ந்தது. சிறிதளவுதான், குளிசையை வீசிவிடச் சொல்லும் அளவன்று. ஆனால் அது உண்மை. பரராசசேகரத்தைப் பாடிய அரைமணி நேரத்தைவிட அந்தச் சிறிதளவு எனக்குப் பெரிது.

கைதடியிற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயபீடம் இருக்கிறது. இம்மூன்றுக்கும் பேருந்தில் ஒரு நாட் பயணமும் இல்லை. மேகரோகத்துக்குப் பரராசசேகரத்தில் ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள மூலிகைப் பெயர்களை இன்னின்ன செடியென்று துணிந்து எழுத ஒரு தமிழாசிரியனும் ஒரு தாவரவியலாளனும் ஓராண்டு உட்கார்ந்தாற் போதும். இந்தியாவிற் சித்த மருத்துவ முறைகள் உட்பட மரபறிவை ஐந்து மேனாட்டு, கீழ்நாட்டு மொழிகளில் ஏற்றி ஆக்கவுரிமை அலுவலகங்கள் தேடிப்பார்க்கும்படி வைத்திருக்கின்றனர். இங்கே கேட்கவேண்டியவை பெரியனவல்ல. விற்கும் ஒவ்வொரு பேணியிலும் செடியின் பெயர், உறுப்பு, அளவு அச்சிடப்படவேண்டும். அரச ஆய்வுகூடத்தில் மாதிரி சோதிக்கப்படவேண்டும். திரைக்கொடேமா கமநல சேவை நிலையத்திற் குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும்; பொதியில் எந்தத் திகதிவரை உயிரோடிருக்கும் என்று எழுதவேண்டும். இவற்றுக்கான பணம் பொதுப்பணமாக இருக்கவேண்டும், கண்டது பொதுச்சொத்தாக இருக்கவேண்டும்.

மாணவியின் தாய் இப்போது மீண்டும் குளிசை எடுக்கிறார். பாகற்சாறும் காலையிற் குடிக்கிறார். மாதந்தோறும் அவரோடு கிளினிக்குக்குச் செல்லும் மகள் சொன்னாள்: அங்கே சர்க்கரை அளவை எழுதுகின்றனர், இரத்த அழுத்தத்தை எழுதுகின்றனர், குளிசையின் பெயரை எழுதுகின்றனர். வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, ஏசுவார்கள் என்று பயம்.