காதை நம்பலாமா?

கணிப்பொறியில் பாட்டுக் கேட்பவர்களிடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. "இந்த மென்பொருளில் கேட்டால் பாட்டு தேனாக இனிக்கிறது, அந்த மென்பொருளில் சப்பென்று இருக்கிறது" என்பார் ஒருவர். நேர்மாறாகச் சொல்வார் மற்றொருவர். விலை கொடுத்து வாங்கினால்தான் நல்ல ஒலி கிடைக்கும் என்பார் மூன்றாமவர். எது உண்மை?

கணிப்பொறிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களே. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று. நம் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், கேட்கக்கூடிய ஒலி முழுவதையும் எண்களிலிருந்து மீட்டுவிடலாம்.

இந்த எண்களை மாற்றாமல் கொண்டு சேர்ப்பதே மென்பொருளின் வேலை. தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமல் தருவது போலத்தான். இரண்டு மென்பொருள்கள் ஒரே எண்களை அனுப்பினால் ஒலி எப்படி வேறுபடும்?

ஆனால் வழியில் எண்கள் மாறுவதும் உண்டு. தாழ்ந்த ஒலியைக் கூட்டும் வசதியை அதிகம் திருகினால் எண்கள் உச்சவரம்பை முட்டும்; அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். 44,100இல் பதிந்த பாட்டைக் கணிப்பொறி 48,000 ஆக மாற்றி அனுப்பலாம். இரண்டையும் ஒன்றாகவே அமைத்து விடுங்கள். எம்.பி.3 கோப்பில் அளவைச் சுருக்குவதற்காகச் சில விவரங்களை நீக்கிவிடுகிறார்கள். அதைப் பிறகு ஃபிளாக் கோப்பாக மாற்றினாலும் போனது திரும்பாது. கரும்புச் சக்கையிலிருந்து சாறு வருமா?

இவற்றைச் சரிசெய்த பிறகும் வேறுபாடு கேட்கிறதா? சோதித்துப் பாருங்கள். முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நமக்கு இனிமையாகத் தோன்றும். நண்பர் ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று இசைக்கட்டும். எது என்று 10 முறை சொல்லுங்கள். 9 அல்லது 10 சரியானால் உங்கள் காது மெய்யாகவே கேட்கிறது எனலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைவது 100க்கு ஒரு முறைதான். 5 அல்லது 6 சரியென்றால் நாணயம் சுண்டியதற்கும் நீங்கள் கேட்டதற்கும் வேறுபாடில்லை.

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இத்தகைய சோதனையை நடத்தி 2007இல் வெளியிட்டனர். உயர்தரத் தகடுகளின் ஒலியை நேராகவும், குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்தும் கேட்கச் செய்தனர். 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரி. பாதிக்கும் ஒன்று குறைவு!

காது பொய் சொல்வதில்லை. ஆனால் விலைச்சீட்டைக் கண்ட மனம் காதுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே கையிலுள்ள பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கோ காதணிபேசிக்கோ செலவிடுங்கள். அங்கேதான் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். "பெரியவர் சொன்னார், விளம்பரம் சொன்னது" என்று எதையும் ஏற்காதீர்கள். நான் சொன்னதையும்தான்! சோதித்த பிறகு நம்புங்கள்.