வேகம் கூடக் கூட ஆபத்து!

"ஆயுதம் நவீனமானால் தேசம் பத்திரமாக இருக்கும்" என்கிறார்கள் ஆள்வோர். நாம் கேட்கிறோம்: 1945 முதல் ஆயுதம் நவீனமாகிக்கொண்டேதான் வருகிறது. பயமின்றித் தூங்கும் தேசம் எது?

கணக்குப் பார்ப்போம். 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச அமெரிக்க விமானம் சுமார் ஆறு மணி நேரம் பறந்தது. அந்த ஒரே குண்டுக்கு ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் பலியானார்கள். பிறகு ராக்கெட் வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாய அதற்கு அரைமணி போதும். மில்லில் நாம் சாப்பிடும் நேரம்! அதற்குள் யோசிக்க முடியாதென்று காவலைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள்.

கம்ப்யூட்டர் செய்ததென்ன? 1979 நவம்பர் 9-ந் தேதி, ஒத்திகைக்கு வைத்திருந்த கற்பனைத் தாக்குதலை நிஜமென்று காட்டி அமெரிக்க ராணுவத்தைக் கலக்கியது. 1983 செப்டம்பர் 26-ந் தேதி, மேகத்தில் பட்ட சூரிய ஒளியை அமெரிக்க ராக்கெட் என்றது சோவியத் செயற்கைக்கோள். காவலிலிருந்த அதிகாரி பெத்ரோவ் அதை நம்பவில்லை. பொய் அபாயமென்று மேலே அறிவித்தார். இரு தரப்பிலும் தவறியது இயந்திரம். காத்தது மனித யோசனை.

நம் வாசலுக்கே வருவோம். 2022 மார்ச் 9-ந் தேதி இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. இரண்டும் அணு ஆயுத நாடுகள். இடையிலுள்ள தூரமோ சில நிமிஷம்!

இப்போது யோசிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. அணு ஆயுத முடிவு மனிதன் கையில்தான் இருக்கவேண்டுமென்று 2024 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள். நல்லது, ஆனால் வாய்ச்சொல் போதாது. மனிதனைப் பெயருக்கு உட்கார வைத்து, யோசிக்க நேரம் தராவிட்டால் என்ன பயன்? வேகத்தைக் கூட்டினால் கவனம் தப்பும் என்பது தறியோட்டும் தொழிலாளிக்குத் தெரியும். கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிறுத்த ஒரு கை வேண்டும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். ஆள்வோருக்கு மட்டும் தெரியாதா?

ஆகவே நாம் கோருகிறோம்: எந்நேரமும் பாயத் தயாராக நிறுத்தியுள்ள ராக்கெட்டுகளை இறக்கு! முடிவு மனிதனுடையதே என்று எல்லா அணு ஆயுத நாடுகளும் எழுத்தில் ஒப்பந்தம் செய்! பிறகு அந்த ஆயுதங்களையே அழி!

குண்டு விழுந்தால் சாவது நாமும் நம் பிள்ளைகளும். கேட்கும் உரிமையும் நமக்கே!