காங்கேசன்துறையும் எமது வீடுகளும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று எம் முன்னோர் சொல்லிவைத்தனர். வடபுலத்தில் இன்று வீடு கட்டப் புகுவோருக்கு இப்பழமொழியின் முற்பாதியே போதும். பிற்பாதிக்குக் கையிற் பணம் எஞ்சுவதில்லை. சீமெந்து, இரும்புக் கம்பி, பலகை, ஓடு, குழாய் முதலியவற்றுட் பெரும்பகுதி தெற்கிலே கப்பலிலிருந்து இறக்கப்பட்டோ, ஆங்குள்ள ஆலைகளிலிருந்து புறப்பட்டோ, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியில் உருண்டு வருகின்றது. அந்தத் தூரம் முழுவதற்கும் கூலி கொடுப்பவர் வீடு கட்டும் ஆசிரியரும் கமக்காரருமே. நாகபட்டினமோ காங்கேசன்துறையிலிருந்து ஏறத்தாழ 60 கடல்மைல் தொலைவில் உள்ளது. மூன்று புறமும் கடலை வைத்துக்கொண்டு, இருக்கும் ஒரு தரைவழியாலேயே கல்லும் கம்பியும் சுமப்பது விந்தையன்றோ?

கடல் எமக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் பனஞ்சிலாகைகள் கப்பலேறிப் பிற ஊர்களின் கூரைகளைத் தாங்கின. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பலை ஆக்கிய கரையிலே, ஒரு மூடை சீமெந்துக்குக் கண்டி வீதியைப் பார்த்துக் காத்திருக்கின்றோம்.

அவ்வீதியை மட்டும் நம்பியிருப்பதன் பொருள் யாது என்பதை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. சீமெந்து தடைசெய்யப்பட்ட பண்டமாயிருந்த நாட்களை எம்மவர் மறக்கவில்லை. 2006 ஆகஸ்டில் வீதி அடைக்கப்பட்டபோது குடாநாடு முழுவதும் கப்பலின் வரவையே எதிர்நோக்கிக் கிடந்தது. ஒரே வாசல் உள்ள வீட்டிற் பூட்டு எவர் கையில் இருக்கின்றதோ, அவரே அவ்வீட்டின் எசமானர். இரண்டாவது வாசல் ஒன்று வேண்டும் என்பது ஆடம்பரமான ஆசையன்று.

ஈண்டு ஒரு வினா எழும். 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1990இற் போரினால் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை மீளத் திறந்தாற் போதாதா? அவ்வாலையாற் பல குடும்பங்கள் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆலை தின்றது சுண்ணக்கல்லை. அக்கல்லே எமது நீர்த்தொட்டி. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையைத் தன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தாங்கி, கோடையிற் கிணறுகளுக்கு ஊட்டுவது அச்சுண்ணக்கற் படையே. அதனுள்ளே நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கின்றது. கல்லை ஆழ அகழ்ந்தால் அப்படலம் குலையும்; உவர் மேலேறும். வெங்காயப் பாத்திக்கு உப்புநீர் இறைத்து எந்தக் கமக்காரன் வாழ்வான்? வீட்டைக் கட்டுவதற்காகக் கிணற்றை இழப்பது, கூரைக்காக அத்திவாரத்தை விற்பதாகும். ஆகவே சீமெந்தைக் கடல்வழி கொணர்தல் மலிவை நாடும் வணிகர் பேச்சு மட்டுமன்று. கமத்தொழிலைக் காக்கும் வழியுமாகும்.

இது நடக்கக்கூடியதோ என்பார் மாலைதீவைப் பார்க்கட்டும். மலையும் ஆறும் இல்லாத அத்தீவுகள் கல்லையும் மணலையும் கப்பலிலேயே பெறுகின்றன. 2024-25 ஆண்டுக்கு ஆற்றுமணல் 10 இலட்சம் தொன்னும், சல்லிக்கல் 10 இலட்சம் தொன்னும் அங்கு அனுப்புவதற்கு இந்தியா அனுமதி வழங்கியது. தூத்துக்குடித் தோணிகளும் அத்தீவுகளுக்குக் கட்டடப் பொருள்களை ஏற்றிச் செல்கின்றன.

ஆயினும் கடல்வழி தானாகவே மலிந்துவிடாது. அதன் கணக்கை அறிந்தவர்க்கே அது மலியும். கப்பற்கூலி பெரும்பாலும் ஒரு தொன் நிறைக்கோ, ஒரு கனமீற்றர் இடத்துக்கோ, எது மிகுமோ அதற்கே அறவிடப்படும். சீமெந்தும் கம்பியும் நிறையாற் கூலி செலுத்துவன. பிளாத்திக்குக் குழாயும் நீர்த்தாங்கியும் இடத்தாற் கூலி செலுத்துவன. பெரிய குழாயினுள்ளே சிறிய குழாயைச் செருகி அனுப்புபவன் வெறுங் காற்றுக்குக் கூலி கொடாது தப்புகின்றான். 12 மீற்றர் நீளக் கம்பி 20 அடிக் கொள்கலனுள் அடங்காது. அதற்கு அகன்ற வாயுடைய சரக்குக் கப்பலும், தூக்கி இறக்கும் பொறியும் வேண்டும். சீமெந்துக்கு ஈரம் பகை; கரையில் உலர்ந்த கிடங்கு இல்லையேல் மூடைகள் கல்லாகும். இறக்குவதிலே தாமதித்தாற் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் உண்டு. ஆயிரம் தொன் ஏற்றும் சிறு கப்பல் ஒன்று, பத்துத் தொன் லொறிகள் நூற்றுக்கு ஈடு. ஆனால் அது இருபதாயிரம் மூடைச் சீமெந்து. எந்தத் தனி மனிதர் அதனைத் தருவிப்பார்? கூட்டுறவுச் சங்கங்கள் பல சேர்ந்து ஓராண்டுத் தேவையை முன்கூட்டியே கணித்துக் கேட்டாலன்றி இக்கணக்கு நிறைவேறாது.

இவை அனைத்திலும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. வரும்போது நிறைந்து வந்து, போகும்போது வெறுமையாய்த் திரும்பும் கப்பல் இரு வழிக்குரிய கூலியையும் ஒரு வழியிலேயே அறவிடும். எனவே கம்பி மலிய வேண்டுமாயின் திரும்பும் கப்பலில் எமது பண்டம் ஏறவேண்டும். வெங்காயம், புகையிலை, வாழை, பனம்பொருள், கருவாடு என எம்மிடம் பண்டங்கள் இல்லாமல் இல்லை. அவற்றைத் தரம்பிரித்து, பயிர்நோய்ச் சோதனை செய்து, உரிய நாளிற் கரையிற் சேர்க்கும் ஒழுங்கே இல்லை. கொழும்புக்குக் கரையோரமாகச் செல்லும் கப்பலாயினும் இதே நியாயம் பொருந்தும். கொத்தனாரின் கம்பி விலையைக் கமக்காரரின் வெங்காய மூடை குறைக்கும் என்பதை இருவரும் உணர்தல் வேண்டும்.

இனித் துறைமுகத்தின் நிலை யாது? போர்க்காலத்தில் மூழ்கிய கலங்கள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டன. 2018இல் துறைமுகச் சீரமைப்புக்கு 45.27 மில்லியன் அமெரிக்க டொலர் கடன் இணக்கம் காணப்பட்டது. 2024இல், 6.15 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்ட முழுச் செலவையும் இந்தியாவே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. அதனை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். ஆனால் பயணியின் கைப்பையில் ஒரு வீட்டுக்கான கம்பி வருமோ? வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பதை அறியாதார் எம்முள் இல்லை. உறுதியான அலைதடுப்பும், ஆழமும், பாரந்தூக்கியும், கிடங்கும், நிரந்தரச் சுங்க அலுவலகமும் சேர்ந்தே ஒரு சரக்குத் துறையாகும். அறிவிப்புகளை அடுக்கினால் அலை தணியாது.

லொறி உரிமையாளர் அஞ்சவேண்டியதில்லை. துறையிலிருந்து ஊருக்குச் சுமை செல்லவும், தோட்டத்திலிருந்து துறைக்குப் பண்டம் வரவும் லொறிகள் வேண்டும்.

அரசினரிடம் நாம் கேட்பது இரண்டே: பயணிகள் துறையோடு நின்றுவிடாது சரக்குத் துறையையும் ஒரு காலவரையறை கூறி முடித்தல், இறக்குமதி அனுமதியும் சுங்கத் தீர்வையும் காங்கேசன்துறையிலேயே முடிவாக ஒழுங்குசெய்தல். எம்மவரிடம் கேட்பது ஒன்று. பொறியியலாளர் தேவையைக் கணிக்கட்டும். கணக்காளர் கூலியைக் கணிக்கட்டும். சட்டவல்லார் ஒப்பந்தங்களை எழுதட்டும். கமக்காரர் சங்கங்கள் திரும்பும் கப்பலை நிரப்பட்டும். துறை திறக்கும் நாளில் ஏற்றுவதற்கு எம்மிடம் எதுவும் இல்லையாயின், அன்று நாம் பழிசொல்ல அயலவர் எவரும் இரார்.