தைத்துக் கொடுத்த பைகளுக்குப் பணம் எப்போது வரும்?

திருவள்ளூர் மாவட்டத்தில் மகளிர் குழுத் தொழில்களின் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்புக்குரிய உயர் அலுவலர் அவர்களின் மேலான கவனத்துக்கு:

குழுவாகச் சேர்ந்து தொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்குக் கடன் வழங்குவதில் காட்டப்படும் அக்கறையில் ஒரு பங்குகூட, அவர்கள் செய்து கொடுத்த பொருளுக்குப் பணம் வழங்குவதில் காட்டப்படுவதில்லை என்பதும், அது குறித்து எழுதிய மனுக்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டன என்பதுமே இம்மடல் பொதுவெளியில் எழுதப்படுவதற்குக் காரணங்கள்.

மகளிர் சுய உதவிக் குழு என்பது, ஒரே பகுதியில் வாழும் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் மாதந்தோறும் சிறு தொகை சேமித்து, அச்சேமிப்பிலிருந்து தங்களுக்குள்ளேயே 'உள்கடன்' கொடுத்து வாங்கி, அந்த ஒழுங்கையே பிணையாகக் காட்டி வங்கிக் கடன் பெறும் அமைப்பாகும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டதும், 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் இக்குழுக்கள் வேர்விட்டதும், 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியதும் அலுவலர் அவர்கள் அறியாதவை அல்ல. கந்துவட்டிக்காரரின் பிடியிலிருந்து எண்ணற்ற குடும்பங்களை இவ்வமைப்பு மீட்டது என்பதை இம்மடல் நன்றியோடு ஒப்புக்கொள்கிறது.

இம்மாவட்டத்துக் காக்களூரில் இவ்வமைப்பின் தேவை இன்னும் கூர்மையானது. சிட்கோ தொழிற்பேட்டையின் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாகப் பேக்கிங் வேலை பார்க்கும் பெண்கள், குழந்தை பிறந்தாலோ, வயது ஏறினாலோ, இரவு ஷிப்டுக்கு வர இயலாது என்றாலோ மறுநாளே வேலை இழக்கிறார்கள். அப்படி வெளியே நிற்கும் பெண்ணுக்கு, வீட்டுக்கு அருகே, தன் கையில் நேரத்தை வைத்துக்கொண்டு, தன்னையொத்த பெண்களோடு சேர்ந்து செய்யும் தொழிலைத் தவிர வேறு வழி இல்லை.

அத்தகைய பன்னிரண்டு பெண்களின் குழு ஒன்று துணிப்பை தைக்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்தது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்ட பிறகு, துணிப்பைக்குச் சந்தை இருக்கும் என்று நம்பியதில் அப்பெண்களின் பிழை எதுவும் இல்லை. முறைப்படி தரம் பிரிக்கப்பட்டு, அதாவது சேமிப்பு, வருகைப்பதிவு, கடனைத் திருப்பிச் செலுத்துதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடப்பட்டு, வங்கிக் கடன் பெற்று, தையல் இயந்திரங்களும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்றும் வாங்கினார்கள். அரசு அலுவலகம் ஒன்று, தான் நடத்தும் விழாவுக்குப் பைகள் வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தது. காடாத் துணி வாங்கி, சாயமிட்டு, கைப்பிடி பிய்ந்து வராமலிருக்க அடியில் ஒட்டுத்துணி வைத்து, அதன்மேல் கட்டமும் குறுக்குமாகத் தையல் ஓட்டிக் கொடுத்தார்கள். வாசகம் சற்றே சாய்வாக அச்சாகியிருந்த ஒரு கட்டு திருப்பி அனுப்பப்பட்டபோது, மறுபேச்சு இல்லாமல் அதைத் தங்கள் செலவிலேயே மாற்றியும் கொடுத்தார்கள். விழா நடந்தது, பைகள் மேடையில் வழங்கப்பட்டன, பெண்களின் முன்னேற்றம் பற்றி உரைகள் ஆற்றப்பட்டன.

பணம் மட்டும் வரவில்லை. முதலில், பில்லில் குழுவின் பெயர் ஒருவிதமாகவும் வங்கிக் கணக்கில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதாகக் கூறி, கோப்பு திருப்பப்பட்டது. பெயர் திருத்தப்பட்டு வந்தபோது, கையொப்பமிட வேண்டிய அலுவலர் இடமாறுதலில் சென்றிருந்தார். புதியவர் வந்து கோப்பைப் பார்ப்பதற்குள் நிதியாண்டு முடிந்து, ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டதென்று சொல்லப்பட்டது. திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பின்னர் 'மனு உரிய துறைக்கு அனுப்பி முடித்துவைக்கப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. உரிய துறை என்பது பணம் தராத அதே அலுவலகம். 'உதயம்' என்னும் தொழில் பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்னும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை அலுவலர் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கோப்பு காத்திருக்கலாம், வங்கித் தவணை காத்திருக்காது. முதல் தவணைகளைக் குழுவின் சேமிப்பிலிருந்து கட்டினார்கள், அடுத்தவற்றுக்குக் கம்மலும் மூக்குத்தியும் அடகுக்குப் போயின, அதன் பிறகு சிலர் தனியார் நுண்கடன் நிறுவனத்திடம் 'கூட்டுப் பொறுப்புக் கடன்' வாங்கினார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் உடன் வாங்கிய மற்றவர்கள் அவளுக்காகக் கட்டியாக வேண்டும் என்பது இக்கடனின் விதி. வசூலுக்கு வரும் ஆள் பணம் கைக்கு வரும்வரை திண்ணையை விட்டு எழுவதில்லை என்பதால், காலங்காலமாகக் கூடிப் பேசிய பெண்கள் ஒருவர் வீட்டுப் பக்கம் மற்றவர் போகாத நிலை உண்டாயிற்று. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் சட்டம் இயற்றியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த ஆள் அத்திண்ணைக்கு வந்ததற்கான காரணம், அரசு அலுவலகம் ஒன்றின் அலமாரியில் தூங்கிய பில். கடைசியில் இரண்டு தவணை தவறியதால் அக்குழு 'தவணை தவறிய குழு' ஆகி, அடுத்த கடனுக்கும் தகுதி இழந்தது. அரசு தர வேண்டிய கடன் பாக்கியாக நிற்க, அரசுக்குப் பை தைத்தவர்கள் நாணயமற்றவர்களாகப் பதிவேட்டில் ஏறினார்கள். இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்க முடியும் என்பதை அலுவலரே சொல்லட்டும்.

குழுத் தொழிலை வாழவைப்பது கடன் அன்று, கைக்கு வரும் விற்பனைப் பணமே. 1959இல் மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் வளர்ந்ததற்குக் காரணம், விற்ற அப்பளத்தின் பணம் மறுநாள் மாவு வாங்கும் பணமாகத் திரும்பி வந்ததே. தமிழ்நாட்டிலேயே இன்னும் துணிவான முன்னுதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், கல்குவாரிகளை அங்கே கொத்தடிமை நிலையில் கல்லுடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு வழங்கினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருப்பதுபோல், அப்பெண்களின் வருமானம் உயர்ந்ததோடு அரசுக்கு வரவேண்டிய உரிமத்தொகையும் உயர்ந்தது. ஒப்பந்தக்காரர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் குத்தகை ஆணையில் கையொப்பம் விழுந்தது. ஆதிக்கம் மிகுந்த குவாரித் தொழிலிலேயே பெண்களின் பக்கம் நிற்க ஓர் அதிகாரியால் முடிந்திருக்கும்போது, துணிப்பைக்கான ஒரு பில்லில் கையொப்பமிட முடியவில்லை என்பதை நம்புவதற்கில்லை. மனம் இல்லை என்பதே உண்மை.

2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் பெற்றிருந்த 2,756 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி செய்யப்படும் என அறிவிக்கப்பட்டது. அது பெரும் உதவி. ஆனால் இக்காக்களூர்ப் பெண்கள் தள்ளுபடி கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை, கருணையும் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிவரை இயந்திரத்தை மிதித்த உழைப்புக்கான கூலியைக் கேட்கிறார்கள். மாதச் சம்பளம் ஒருநாள் தாமதமானால் எந்த அலுவலரும் பொறுப்பதில்லை. அப்படியிருக்க, அன்றாடம் அரிசி வாங்குபவர்களின் பணத்தை நிதியாண்டைக் காரணம் காட்டி நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

பில் தொகை, சட்டம் சொல்லும் வட்டியோடு குழுவின் கணக்கில் சேர வேண்டும். தவணை தவறியதாக எழுதப்பட்ட குறிப்பை நீக்குமாறு வங்கிக்கு அலுவலர் கடிதம் எழுத வேண்டும். இனி எந்த அரசு அலுவலகம் மகளிர் குழுவுக்கு ஆர்டர் கொடுத்தாலும் துணி வாங்கும் செலவுக்கேனும் முன்பணம் தர வேண்டும். தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கு வேண்டிய சீருடை, கையுறை, கேன்டீன் பலகாரம் ஆகியவற்றில் எவற்றைக் குழுக்களிடம் வாங்க முடியும் என்று ஆலை நிர்வாகங்களை அழைத்துப் பேசுவதும் அலுவலரின் பொறுப்பில் உள்ளதே.

அடுத்து நடக்கவிருக்கும் மகளிர் குழுக் கண்காட்சியில் அரங்கு அமைக்குமாறு இக்குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பணம் வந்து சேரும்வரை எந்த அரசு விழாவுக்கும் பைகளோடு வருவதில்லை என்று குழுவின் தீர்மான நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.